நான் பெட்டி பிரித்த புதன்கிழமை

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்று வளர்த்தது ஆறு பேர், நாலு ஆண், இரண்டு பெண். ஆண்பிள்ளைகள் நாலு பேரும் கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்தவர்கள். மூத்த மகளைக் கடையநல்லூரில் கட்டிக்கொடுத்தேன். கடைசி மகள் பள்ளிக்கூடம் போகிற தன் பெண்ணோடு தென்காசியில் என்னோடுதான் இருக்கிறாள், அவள் மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதற்குப் பிறகு எழுத்துக் கூட்டிப் படித்ததெல்லாம் பஸ் போர்டும் கல்யாணப் பத்திரிகையும்தான். அதனால் இதை எழுதி முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆகட்டும், எனக்கு என்ன அவசரம்.

எழுத உட்கார்ந்தது கடைசி மகளின் கடையைப் பற்றி. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், கண் டாக்டருக்கும் பேக்கரிக்கும் நடுவில் ஒரே ஒரு அறை. டிவியில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேம் பெட்டி, அதில் போடுகிற டிஸ்க், இரண்டு கையிலும் பிடித்து அமுக்குகிற கன்ட்ரோலர், இவைதான் சரக்கு. தடுப்புக்குப் பின்னால் ஒரு டிவியும் இரண்டு நாற்காலியும் கிடக்கும், வாங்க வருகிறவர்கள் ஆடிப் பார்ப்பதற்கு. கடை திறந்து மூன்று வருசம் ஆகியும் நான் அந்தப் படி ஏறியதில்லை. விளையாட்டுச் சாமான் கடையில் எனக்கென்ன வேலை என்று இருந்துவிட்டேன்.

ஆனால் வீட்டில் காது கேட்காமல் இருக்குமா? மகள் சோற்றில் கை வைத்துக்கொண்டே போனில் கேட்பாள், ஸ்டாக் எப்போது வரும், வண்டி ஏறிவிட்டதா, இந்தத் தடவையாவது எனக்குக் கொஞ்சம் ஒதுக்குவீர்களா என்று. அவள் தொல்லை இதுதான். புது கேம் உலகம் முழுக்க ஒரே நாளில் வெளியாகுமாம். சென்னைக் கடைகளுக்கு முந்தின நாளே சரக்கு போய்விடும். மதுரைக்கு மறுநாள் வரும். தென்காசிக்கு வந்து சேர ஒரு வாரம். அதற்குள் நம்மூர்ப் பிள்ளைகள் டிஸ்க்கே இல்லாமல் நெட்டில் இறக்கிக்கொள்வார்கள், இல்லையென்றால் ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடுவார்கள். நல்லாப் போகிற பெட்டி ஒன்று வேண்டுமென்றால், யாரும் கேட்காத பழைய டிஸ்க் பத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பார் சென்னை டிஸ்ட்ரிபியூட்டர். கொரோனா முடிந்த வருசம், உள்ளே வைக்கிற சில்லு கிடைக்கவில்லை என்று புது மாடலே வராமல் கிடந்தது. கண்ணாடி அலமாரியில் வெறும் அட்டையை வைத்துக்கொண்டு கடை நடத்தினாள்.

அவள் அண்ணன்மார் நாலு பேருக்கும் ஒரே பேச்சு, பூட்டிவிடு என்று. மாப்பிள்ளையும் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டார். எதற்கு மறைக்க, நானும்தான் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை.

"இந்த ஒரு சீசன் மட்டும் பாக்கேன் உம்மா. இதுல நிக்கலைன்னா நானே பூட்டிருதேன்" என்றாள்.

அந்தச் சீசனில்தான் குற்றாலத்து லாட்ஜ்காரர் ஒருவர் வந்தார். சாரல் பிடித்து, குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வந்து கொண்டிருந்த நேரம். அருவியில் குளித்துவிட்டு அறைக்கு வருகிற பிள்ளைகள் மழையில் வெளியே போக முடியாமல் கட்டில் மேல் ஏறிக் குதிக்கிறார்களாம். அவர்களுக்கென்று ஒரு விளையாட்டு அறை வைக்க நினைத்தார். இரண்டு பெட்டி, பெட்டியோடு வருகிற ஒன்று மாற்றுக்கு இருக்கட்டும் என்று, ஒரு பெட்டிக்கு நாலு பேர் ஆடுகிற மாதிரி தனியாக எட்டு கன்ட்ரோலர், எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். திருநெல்வேலியில் இரண்டு கடையில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். என் மகள் முடியும் என்று சொன்னாள். வெள்ளிக்கிழமை தவறினால் இனி உன் கடைப் பக்கமே வரமாட்டேன் என்று அவரும் சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டி இரண்டும் சென்னையிலிருந்து கிளம்பிவிட்டன. கன்ட்ரோலர்தான் இல்லை. கப்பல் தாமதம், தெற்கே எங்கேயும் ஸ்டாக் கிடையாது, வர இரண்டு வாரம் ஆகும் என்று கைவிரித்துவிட்டார்கள். மகள் யோசித்துப் பார்த்தாள். என் மூன்றாவது மகன் அந்த வாரம்தான் துபாயிலிருந்து லீவில் வருகிறான். மாப்பிள்ளையிடம் சொல்லி எட்டு கன்ட்ரோலரை அங்கே ஒரு கடையில் பில் போட்டு வாங்கச் செய்து, அண்ணன் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பச் சொன்னாள். ஏர்போர்ட்டில் கட்ட வேண்டிய வரியைக் கட்டியே கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

இங்கே எங்கள் தெரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் அவர் தன் பெட்டியைத் தானே பிரிக்க மாட்டார். பெற்றவள்தான் கயிற்றை அறுக்க வேண்டும். அவள் கையால்தான் சாமானை எடுத்துக் கொடுக்க வேண்டும். சோப்பு, சென்ட், தைலம், பால் பவுடர் எது இருந்தாலும் சரி. பெட்டி பிரிக்கிற நேரத்தில் வாசலில் வந்து நின்ற பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளையானாலும் வெறுங்கையோடு போகக் கூடாது. கொடுத்ததைத் திரும்பக் கேட்பது என்பது எங்கள் தெருவில் கிடையாது. கேட்டால் அந்த வீட்டுக்கு அடுத்த பெட்டி வருகிற வரைக்கும் பேச்சு ஓயாது. என் நாலு மகன்களும் கொண்டு வந்த பெட்டியெல்லாம் நான் பிரித்தவைதான். ஒரு தடவைகூட ஒரு பிள்ளை முகம் வாடிப் போனதில்லை.

புதன்கிழமை காலையில் மகன் திருவனந்தபுரத்தில் இறங்கி, ஆரியங்காவு வழியாகக் காரில் வந்து சேர்ந்தான். ராத்திரி முழுக்கத் தூங்காதவன், இரண்டு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு போய்ப் படுத்துவிட்டான். மகள் வீட்டில் இல்லை. சென்னையிலிருந்து வந்த பெட்டி இரண்டும் திருநெல்வேலி பார்சல் ஆபீஸில் நின்றுவிட்டன. தென்காசிக்கு லோடு நிறைந்தால்தான் வண்டி எடுப்போம் என்றார்களாம். அவளே போய்த் தூக்கி வருகிறேன் என்று விடியற்காலை பஸ்ஸில் போயிருந்தாள். கன்ட்ரோலர் வருகிற விஷயத்தை உம்மாவிடம் தங்கச்சி சொல்லியிருப்பாள் என்று மகன் நினைத்தான். அண்ணன் சொல்லியிருப்பான் என்று மகள் நினைத்தாள். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

நான் கயிற்றை அறுத்தேன். சட்டைகளுக்கு நடுவில் கறுப்பாக, வழவழப்பாக, இரண்டு பக்கமும் காது மாதிரி வளைந்து, பொத்தான் வைத்த சாமான் எட்டு இருந்தது. வாசலில் நின்ற பிள்ளைகளை எண்ணினேன். பேரப்பிள்ளைகள் ஐந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று. எட்டுக்கு எட்டு. இவன் எப்படிச் சரியாக எண்ணி வாங்கி வந்திருக்கிறான் பார் என்று எனக்கு ஒரே பெருமை. ஒவ்வொருவர் கையிலும் ஒன்று கொடுத்து அனுப்பினேன். எடை கூடிவிடும் என்று அட்டைப் பெட்டிகளைக் கழற்றித் தட்டையாக மடித்து அடியில் போட்டிருந்தான். அதைப் பழைய அட்டை என்று நினைத்து அடுப்படி ஓரத்தில் வைத்தேன்.

சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்கு மகள் வந்தாள். இரண்டு பெட்டியையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அவள் நனைந்திருந்தாள், பெட்டி நனையவில்லை. அண்ணன் கொண்டு வந்தது எங்கே என்று கேட்டாள். நான் பெருமையாகவே சொன்னேன், எட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டேன் என்று.

அவள் பெட்டிகளை இறக்கி வைத்தாள். தரையில் உட்கார்ந்தாள். ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தாள். எழுந்து வந்த மகன்தான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். அவன் சொல்லித்தான் எனக்கு விஷயம் புரிந்தது. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. இந்த எட்டும் இல்லையென்றால் லாட்ஜ்காரர் இல்லை, லாட்ஜ்காரர் இல்லையென்றால் கடை இல்லை. மூன்று வருசமாக அவள் போனில் கெஞ்சினது எல்லாம் என் ஒரு கையால் போய்விட்டது.

நான் போய்க் கேட்டு வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன். அவள் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீங்க குடுத்தது குடுத்ததுதான் உம்மா. நீங்க போயி எந்த வாசல்லயும் நிக்க வேண்டாம். யார் யாருக்குக் குடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். முதலில் என் மூத்த மகன் வீட்டுக்குப் போனாள். மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே போனேன். அண்ணன் மனைவியான மைனியிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகப் பையனிடம் போய்க் குத்த வைத்து உட்கார்ந்தாள்.

"ஏலே, இது ஓடுதா?"

"ஓடல மாமி."

"எப்படி ஓடும்? இதுக்குச் சோடி நம்ம கடையிலல்லா இருக்கு. இத நீ எங்கிட்ட தந்தேன்னா, சாரல் முடியுற மட்டும் ஞாயித்துக்கிழமை தோறும் அங்கன வந்து நெசமாவே ஆடலாம்."

"ஒரு மணி நேரமா?"

"அரை மணி."

"ஒரு மணின்னா தாரேன்."

"சரிலே, முக்கால். கடைக்காரிகிட்டயே பேரம் பேசுதியா நீ?"

கடை கார்டின் பின்பக்கம் அவன் பேரையும் ஞாயிறு என்றும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவன் ஓடிப்போய்க் கன்ட்ரோலரை எடுத்து வந்து கொடுத்தான். இவள் திரும்பக் கேட்கவும் இல்லை, அவன் இழக்கவும் இல்லை. மைனிக்காரி சிரித்துக்கொண்டே காப்பி போடப் போனாள். இப்படியே வீடு வீடாகப் போய் பொழுது அடைந்து மக்ரிபுக்குப் பாங்கு சொல்வதற்கு முன்னால் ஏழு வந்துவிட்டது.

எட்டாவது கீழப்பாவூரில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், கோயில் பூசைக்கென்று மதிய பஸ்ஸிலேயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். போனில் சொன்னால் நாளைக்கே கொடுத்தனுப்பி விடுவாளே என்றேன். போனில் சொன்னால் அது கேட்பதாக ஆகிவிடும் உம்மா, நேரில் போவோம் என்றாள் மகள். வியாழக்கிழமை காலையில் இரண்டு பேரும் பாவூர்சத்திரம் போய் இறங்கி ஆட்டோ பிடித்தோம்.

அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயது. நாலு நாற்காலியை வரிசையாகப் போட்டு, முன் நாற்காலியில் உட்கார்ந்து, கன்ட்ரோலரை ஸ்டியரிங்காகப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தது. மகள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை எடுத்தாள். பிள்ளை தலையைத் திருப்பவே இல்லை.

"பஸ் போயிட்டிருக்கு. பேசக் கூடாது" என்றது.

மகள் பின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து குற்றாலத்துக்கு இரண்டு டிக்கெட் கேட்டாள். நானும் உட்கார்ந்தேன். குற்றாலம் வந்தது, அடுத்து செங்கோட்டை வந்தது, பஸ் நிற்கிற மாதிரி தெரியவில்லை. கடையைப் பார்த்தே இராத பிள்ளைக்குக் கடையில் ஆடலாம் என்றால் என்ன புரியும்? மகள் என்னைப் பார்த்தாள். மூன்று வருசத்தில் அவள் முகத்தில் வழி தெரியாத பார்வையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தப்பு என்னுடையது, அவள் ஏன் முழிக்க வேண்டும் என்று இருந்தது.

நான் இறங்கி அந்தப் பிள்ளை முன்னால் போய் நின்றேன்.

"தாயி, நேத்து இத நாந்தான் உனக்குத் தந்தேன். தெரியாமத் தந்துட்டேன். இது என் மக கடைச் சாமான். திருப்பித் தருவியா?"

எழுபது வயதுக்கு மேல் முதல் தடவையாகக் கொடுத்ததைத் திரும்பக் கேட்டேன். பிள்ளையின் அம்மா பதறிப்போய், இதற்கா பெரியம்மா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று பிடுங்க வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தது.

"அப்போ பஸ்ஸ எப்படி ஓட்டுறது?"

மகள் அதற்குள் அடுப்படிக்குப் போய் ஒரு எவர்சில்வர் தட்டோடு வந்துவிட்டாள். ஸ்டியரிங் என்றால் வட்டமாக அல்லவா இருக்க வேண்டும், இதுதான் பெரிய பஸ் ஸ்டியரிங் என்றாள். பிள்ளை தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தது. பிடித்துப்போனது. கன்ட்ரோலர் எங்கள் கைக்கு வந்தது, பொத்தானெல்லாம் புளியோதரை எண்ணெயோடு. மகள் துடைத்துத் துடைத்துச் சுத்தம் பண்ணி, தன் போனோடு சேர்த்து என்னவோ அமுக்கி என்னிடம் தந்தாள். என் கையில் இருந்த சாமான் சிறு விளக்குப் போட்டு விர்ரென்று நடுங்கியது. நான் கீழே போடப் பார்த்தேன். பஸ் டிரைவர் சிரித்த சிரிப்பில் வீடே சிரித்துவிட்டது.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அடுப்படி ஓரத்தில் அட்டை எட்டும் நல்லபடியாக இருக்கிறது, மடக்கி உள்ளே வைத்து ஒட்டிவிட்டால் புதுசு மாதிரியே இருக்கும், யாருக்குத் தெரியும் என்றேன்.

"எனக்குத் தெரியும்லா உம்மா" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஆட்டோவில் குற்றாலம் போனோம். நானும் வருகிறேன் என்று கூடவே ஏறிக்கொண்டேன். சாரல் விழுந்துகொண்டே இருந்தது. அருவிச் சத்தம் அந்த அறை வரைக்கும் கேட்டது. மகள் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வயராக மாட்டினாள். இரண்டு டிவியும் பளிச்சென்று வந்தன. எட்டையும் ஒன்றன் பின் ஒன்றாக அமுக்கிக் காட்டினாள். அத்தனையும் வேலை செய்தன. தங்கியிருந்த பிள்ளைகள் ஈரத் தலையோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்.

லாட்ஜ்காரர் எண்ணிப் பார்த்தார். பிறகு பிரித்த அட்டைகளைப் பார்த்து, எல்லாம் புதுசுதானே என்று கேட்டார்.

"புதுசுதான் அண்ணாச்சி. பில்லு இருக்கு. ஆனா ஒரு நாள் எட்டுப் பிள்ளைக கையில இருந்துட்டு வந்திருக்கு. எங்கண்ணன் பெட்டியில வந்துச்சு, எங்க உம்மா பிரிச்சுத் தெருப் பிள்ளைகளுக்குக் குடுத்துட்டாங்க. ஒவ்வொண்ணா வாங்கிட்டு வந்தேன். வேண்டாம்னா சொல்லுங்க, ரெண்டு வாரத்துல சீல் பிரிக்காதது மாத்தித் தாரேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்த மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். அவரும் பத்து வருசம் வெளிநாட்டில் இருந்து வந்தவராம்.

"நான் ஆசையா வாங்கியாந்த லேப்டாப்ப எங்கம்மா தங்கச்சி மாப்பிள்ளைக்குத் தூக்கிக் குடுத்துட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் திரும்பி வந்து சேரல. நீ எட்டையும் மீட்டுட்டு வந்திருக்கியே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எட்டுப் பிள்ளைக ஆடியும் ஒடையலன்னா நல்ல சாமான்தான். மாத்தவெல்லாம் வேண்டாம்" என்றார்.

அவருக்கு இன்னும் இரண்டு லாட்ஜ் இருந்தது. அந்த இரண்டுக்கும் இவளிடமே சொல்லிவிட்டார். சீசன் முடிந்தபோது கடை பூட்டுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. என் மகன்கள் எடுத்திருந்தால் நான் விட்டிருக்கமாட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த திங்கள்கிழமையிலிருந்து காலை பத்து மணிக்கு நான் கடைக்குப் போகிறேன். மகள் வெளியே அலைகிற நேரத்தில் பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்குவது என் வேலை. நாடா பிரிந்திருக்கிறதா, மூலை நசுங்கியிருக்கிறதா, ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவேன். இங்கிலீஷ் தெரியாது, படத்தை வைத்து டிஸ்க்கை அடையாளம் சொல்லுவேன். அங்கே உட்கார்ந்த பிறகுதான் இவள் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. திருநெல்வேலி பார்சல் ஆபீஸ்காரருக்குப் போன் போட்டால் முதலில் அவர் பிள்ளையின் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்பாள், பிறகுதான் சரக்கு. எந்தக் கண்டக்டர் பெட்டியை மழையில் நனைய விடமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். சீனாவில் அவர்கள் புது வருசத்துக்குப் பாக்டரியெல்லாம் பூட்டிவிடுவார்களாம், அதற்குப் பிறகு சரக்கு வராது என்று முன்கூட்டியே சொல்லி வைப்பாள். தென்காசியில் உட்கார்ந்துகொண்டு சீனாக்காரன் பெருநாளை நினைவில் வைத்திருக்கிறாள் என் மகள். நல்ல பெட்டியோடு தலையில் கட்டுகிற பத்து டிஸ்க்கும் இப்போது வீணாகக் கிடப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிற எட்டுப் பிள்ளைகளும் அதைத்தான் ஆடுகிறார்கள், அவர்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டு மற்றப் பிள்ளைகள் கேட்டு வாங்குகிறார்கள். கீழப்பாவூர் பஸ் டிரைவரும் வருகிறது. சாரல் முடிந்தும் யாரும் நிற்கவில்லை, மகளும் நிறுத்தச் சொல்லவில்லை.

வெளிநாட்டுப் பெட்டியை இப்போதும் நான்தான் பிரிக்கிறேன். கடைச் சாமான் வருவதற்கென்று பச்சைத் துணியில் நானே ஒரு பை தைத்து மாப்பிள்ளைக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பச்சைப் பை கண்ணில் பட்டால் என் கை அதன் பக்கம் போகாது. மற்றதெல்லாம் பழையபடி வாசலில் நிற்கிற பிள்ளைகளுக்குத்தான்.

கடையைப் பூட்டச் சொன்னது தப்பு என்று அவளிடம் நான் இதுவரை வாய் திறந்து சொன்னதில்லை. சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதினேன்.

ஏட்டி, இங்கன வா. இந்த நோட்டப் பிடி, முதல்ல இருந்து சத்தமா வாசி, எழுத்து விட்டிருந்தா சொல்லு. உங்கம்மா கடையப் பூட்டிட்டு வார நேரந்தான். கதவு தொறக்குற சத்தம் கேட்டாலும் நிப்பாட்டாத, வாசிச்சுக்கிட்டே இரு.